பிள்ளைகளோடு அமெரிக்கா வருகிறீர்களா? பள்ளியில் சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் சேர்க்க நன்கொடையும் கிடையாது, சிபாரிசும் வேண்டாம். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை உங்கள் வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. அதனால் வாடகைக்கு வீடு பார்க்கும்போதே அது எந்தப் பள்ளி மாவட்டத்தில், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் எந்த உள்ளூர் அமைப்பின் எல்லையில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்பது இங்கே சாதாரணம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பள்ளியை மாற்றுவது பெரும்பாலும் நடக்காது.

ஊரிலிருந்து கிளம்பும் முன் சில காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாமல் வாங்கி அப்படியே வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால், விசாவில் அது குடும்பப் பெயருக்கான இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் வந்து விழும். அப்புறம் பள்ளி, வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எங்கே போனாலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து ஊரிலேயே பாஸ்போர்ட்டை மாற்றிவிடுவது நல்லது.

தடுப்பூசி அட்டையில் தேதிகள் தெளிவாக இருக்க வேண்டும். இந்திய அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உண்டு, ஆனால் புட்டாளம்மைக்கு இல்லை. இங்கே பள்ளிகள் மூன்றுக்கும் சேர்த்துக் கேட்பார்கள், சின்னம்மை ஊசியும் கேட்பார்கள். காசநோய்க்குத் தோல் சோதனை செய்யச் சொன்னால், பிசிஜி போட்ட பிள்ளை என்று முதலிலேயே சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிசிஜி போட்டவர்களுக்கு நோய் இல்லாமலேயே தோலில் வீக்கம் வரலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையென்றால் மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் கணக்கு இங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம். சேர்க்கைப் படிவங்களோடு வீட்டு மொழி பற்றி ஒரு தாள் தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் இப்போது பேசுவது எது என்று இரண்டு மூன்று கேள்விகள்தான் இருக்கும். நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் நான் பாடம் எடுக்கிறேன். "தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்களாமே" என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் யாராவது கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், தமிழ் என்றே எழுதுங்கள்.

எழுதினால் என்ன ஆகும்? கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது ஆகியவற்றில் ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் போதுமான அளவு வந்தால் அதோடு சரி. வராவிட்டால் கூடுதல் ஆங்கிலப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கும். ஆண்டுதோறும் தேர்வு வைத்து, தேறியதும் விடுவித்துவிடுவார்கள். வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் பிள்ளைகளுக்காகக் குடும்பங்கள் வழக்காடி, 1974-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற உரிமை. 'எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே வகுப்பு' என்பது மட்டும் சமத்துவம் ஆகாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஊரில் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்கு இந்த உதவி பெரிய வரம். ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கும் ஆசிரியரின் உச்சரிப்பு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால், ஆசிரியரைச் சந்திக்கும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பள்ளி தன் செலவில், தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றிய குறையை அது எப்படி உள்ளபடி சொல்லும்?

பள்ளியில் விசா பற்றிக் கேட்பார்களோ என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. டெக்சாஸிலிருந்து வந்த வழக்கொன்றில் 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது. அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அடையாள எண் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. அடைக்கலம் கேட்டு வந்திருக்கும் ஈழத்துக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பேச்சிலோ படிப்பிலோ பிள்ளைக்குச் சிரமம் தெரிந்தால் மறைக்காதீர்கள். மதிப்பீடு செய்யும்படி பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள், செலவு அவர்களுடையது. இன்னொன்று, அடித்து வளர்ப்பதை விமானத்தில் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். பிள்ளை உடலில் காயத்தைப் பார்த்துத் துன்புறுத்தல் என்று சந்தேகித்தால் ஆசிரியர் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது இங்கே எல்லா மாநிலங்களிலும் சட்டம்.

எச்-1பி போன்ற வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வரும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும். வேலைவழிக் கிரீன் கார்டில், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில், ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு மொத்தத்தில் 7 சதவீதம்தான் என்ற வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம். குடியுரிமை எதுவானாலும் பிறந்த நாடுதான் கணக்கு; இலங்கையில் பிறந்தவர்கள் இந்த வரிசையில் வரமாட்டார்கள். ஆறு வயதில் வந்த பிள்ளைகூட வரிசை நகரும் முன் 21-ஐத் தொட்டு, மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரலாம். வயதைக் கணக்கிடுவதில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் சிலருக்கு மட்டும் உதவுகிறது. எச்-4 விசாவில் இருக்கும்வரை கோடை விடுமுறையில் நண்பர்கள் கடைக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் பிள்ளை போக முடியாது. மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகையும் கிடைக்காது. உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒன்பதாம் வகுப்பிலேயே, பள்ளியில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடமும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசுங்கள். பிள்ளையிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள். தனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று பதினேழு வயதில் தானாகத் தெரிந்துகொள்ளும் பிள்ளை மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் வீடு மாறினால், புது முகவரியை 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கவும் மறக்காதீர்கள்.

படிவங்களில் இனம் என்ற பகுதியும் இருக்கும். 'அமெரிக்கன் இந்தியன்' என்று இருப்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கானது, நாம் குறிக்க வேண்டியது 'ஏஷியன்'. இதற்கும் ஒரு கதை உண்டு. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்துவிட்டார்கள். இந்திய அமைப்புகள் முறையிட்ட பிறகு 1980-இல்தான் தனிக் கட்டம் வந்தது. பிள்ளை வளரும்போது "நான் யார்?" என்று கேட்கும். அப்போது இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். தமிழன், இந்தியன் அல்லது இலங்கையன், அமெரிக்கன் எல்லாமாகவும் இருக்கலாம் என்றும் சொல்லுங்கள். காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள். விருப்பமில்லாத பிள்ளையைச் சொல்ல வைக்க முடியாது என்பது 1943-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பிள்ளையின் பெயரை எப்படிச் சொல்வது என்று முதல் நாளே ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுங்கள். இளங்கோவன் 'ஏலன்' ஆக வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். அது ஆங்கிலத்தைக் கெடுக்காது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியைத் தேடிப் போங்கள். கலிபோர்னியாவில் 1998-இல் தொடங்கிய தமிழ்க் கழகம் போல இன்று பல மாநிலங்களில் பள்ளிகள் உண்டு. பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். உங்களையும் தன்னார்வலராக உதவ அழைப்பார்கள், போங்கள். சில பள்ளி மாவட்டங்கள் இந்தப் படிப்பை உயர்நிலைப் பள்ளியின் மொழிப்பாடமாகவே ஏற்கின்றன. இரு மொழிகளில் தேர்ச்சி காட்டும் மாணவரின் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்கும் முறையும் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் தமிழுக்கு உண்டா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். சேர்க்கை வழக்கமாகக் கோடையிலேயே முடிந்துவிடும், ஆனால் ஆண்டு நடுவில் வந்தாலும் அழைத்துக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் வயதைப் பார்க்காமல், தெரிந்த தமிழைப் பார்த்துத்தான் வகுப்பு ஒதுக்குகிறோம்.