நோர்வேயில் மர வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு

நோர்வேக்கு வந்து வாடகை வீடு பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது மரம்தான். தரை மரம், சுவர் பலகை, பழைய வீடென்றால் கூரையின் உட்புறமும் பைன் பலகை. கல்வீட்டில் வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் கொட்டில் போலத் தெரியும். வெள்ளைச் சுவருள்ள கொங்கிறீட் அடுக்குமாடியைத் தேடி ஓடுவோம். அவசரப்பட வேண்டாம்.

மரம் மனதுக்கு நல்லது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதி விளம்பரம், பாதி உண்மை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2010இல் முடிந்த ஓர் ஆய்வில், மரத் தளபாடங்கள் உள்ள அறையில் இருந்து கடினமான மனக்கணக்குச் செய்த மாணவர்களின் உடலில் பதற்ற அறிகுறிகள் குறைவாக இருந்தன. அறையில் செடி வைத்தபோது அந்த மாற்றம் தெரியவில்லை. நோர்வே ஆய்வாளர்கள் மருத்துவமனை அறைகளின் படங்களைக் காட்டிக் கேட்டபோதோ, முழுக்க மரமான அறையைவிட நடுத்தர அளவு மரம் உள்ள அறைதான் பலருக்குப் பிடித்தது. ஆகவே நாலு சுவரும் கூரையும் பலகையாக இருந்து மூச்சு முட்டுகிறதென்றால் உங்களில் பிழையில்லை. ஒரு சுவருக்கு வெளிர் நிறத் திரைச்சீலை போடுங்கள், விளக்கை மாற்றுங்கள்.

காலுக்குத்தான் வித்தியாசம் உடனே தெரியும். ஓடு பதித்த தரையும் மரத்தரையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், மரம் உள்ளங்காலின் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் வழக்கம் இங்கேயும் உண்டென்பதால் இது சின்ன விஷயமில்லை. வட நோர்வேயில் உள்ள துரொம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழும்பாது. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேதான் வாழ்க்கை.

அடுத்தது காற்று. குளிர்காலத்தில் வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் தொண்டை காயும், உதடு வெடிக்கும். பூச்சுப் பூசாத மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்து, காற்று வறண்டதும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். தடித்த வார்னிஷோ பெயின்ரோ அடித்த பலகை அதை அவ்வளவாகச் செய்யாது. இரவில் சுவரும் தரையும் "டக்" என்று சத்தம் போடுவது பலகை சுருங்குவதால்தான், பேய் இல்லை.

ஆனால் நம் குசினி இதையெல்லாம் கெடுத்துவிடும். சோறு, பருப்பு, மீன்குழம்பு, பொரியல் என்று மணிக்கணக்கில் ஆவி போகும். குளிருக்குப் பயந்து யன்னலை இறுக்கிச் சாத்தினால், அந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த அறை மரமானாலும் கல்லானாலும் நெஞ்சுக்குக் கேடு, ஆஸ்துமாக்காரருக்கு இன்னும் மோசம். சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள, ஆவியை உறிஞ்சும் விசிறியைப் போடுங்கள். முடிந்ததும் எதிரெதிர் யன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். யன்னலை நாள் முழுக்கக் கீறலாகத் திறந்து வைத்தால் மின்சாரக் கட்டணம்தான் ஏறும். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ஈர உடுப்பைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். ஹீற்றரில் போடவே கூடாது, தீப்பிடிக்கும்.

பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கரகரப்பான தேய்ப்பானால் உரசாதீர்கள். கடையில் கிடைக்கும் க்ரொன்சோப்பெ என்ற பச்சைச் சவர்க்காரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பைன் பலகை வெயில் பட்டு மஞ்சளாவது இயல்பு. சாமிப்படம் மாட்டிய இடம் மட்டும் வெளிறித் தெரியும். ஆணி அடிக்க முன்னர் வீட்டுக்காரரைக் கேளுங்கள். குடிபோகும் நாளிலேயே சுவர், தரை எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பி வையுங்கள். வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பாக வைக்கும் முற்பணம் அதிகபட்சம் ஆறு மாத வாடகைவரை இருக்கலாம். அதை அவருடைய சொந்தக் கணக்கில் போடாமல், உங்கள் பெயரில் திறக்கும் தனி வைப்புக் கணக்கிலேயே போட வேண்டும்.