வயிற்றுப்புண் கிருமிக்கு எந்த மருந்துக் கூட்டு? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் வயிற்றுப்புண் கிருமிக்கு மருந்து வாங்கியவர்கள், சென்னையிலுள்ள உறவினருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டோடு தங்கள் சீட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி ஒன்றே ஆனாலும், அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே வேறு நாட்டு ஆய்வில் வந்த வெற்றி விழுக்காட்டை அப்படியே இங்கு பொருத்திப் பார்ப்பதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே.

நெடுங்காலமாக எழுதப்பட்டுவந்த மும்மருந்துக் கூட்டில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின் ஆகியவை இருக்கும். நான்மருந்துக் கூட்டில் அமில மாத்திரையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் சேரும். கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி ஓர் ஊரில் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், பரிசோதிக்காமல் அந்த மும்மருந்தைத் தரக்கூடாது என்பது பன்னாட்டு வழிகாட்டல். இருமலுக்கும் தொண்டைவலிக்கும் அசித்ரோமைசினைக் கடையிலேயே கேட்டு வாங்கி விழுங்கியவரிடம், அதே இனத்தைச் சேர்ந்த கிளாரித்ரோமைசின் தோற்க வாய்ப்பு அதிகம். இதைச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை.

சீதபேதிக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ரோனிடசோலுக்கும் வளரும் நாடுகளில் இந்தக் கிருமியின் எதிர்ப்பு மிகுதி. ஆனால் அதைக் காரணம் காட்டி நான்மருந்துக் கூட்டையே ஒதுக்கிவிடுவதும் தவறுதான். ஆய்வுக்கூடத்தில் தெரியும் மெட்ரோனிடசோல் எதிர்ப்பை, பிஸ்மத்தோடு போதிய அளவில் 14 நாள் கொடுக்கும்போது பெருமளவு சமாளிக்க முடிகிறது. கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு அப்படி வளைந்து கொடுப்பதில்லை.

ஒரு கூட்டை 7 நாளும் மற்றதை 14 நாளும் கொடுத்த ஆய்வில், வென்றது மருந்தா நாள்கணக்கா என்று எப்படிப் பிரிப்பது? முழுவதும் விழுங்கியவர்களை மட்டும் எண்ணிச் சொல்லும் விழுக்காடும் இப்படியே ஏமாற்றும். பாதியில் விட்டவர்களையும் சேர்த்த கணக்கைத்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் நான்மருந்துக் கூட்டில் நாளுக்கு நான்கு வேளை மாத்திரை உண்டு, நாக்கில் உலோகச் சுவை தட்டும், பிஸ்மத்தால் மலம் கறுக்கும். இதை முன்பே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று அஞ்சி நிறுத்திவிடுவார்கள். டெட்ராசைக்ளினை விழுங்கிய கையோடு தேநீர்க் கடையில் பால் தேநீர் குடித்தால், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. அமில மாத்திரையால் வலி சில நாளிலேயே அடங்குவதால், கிருமி ஒழிந்தது என்று எண்ணி எஞ்சிய மாத்திரையைப் பெட்டியில் போடுவதும் நடக்கிறது.

டெட்ராசைக்ளின் கிடைக்காதபோது கடைக்காரர் டாக்ஸிசைக்ளின் எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். பெயர் ஒத்திருந்தாலும் இந்தக் கிருமியிடம் அதன் பலன் குறைவு. லெவோஃப்ளாக்சசினையும் முதல் தெரிவாக்கக் கூடாது. காசநோய் மிகுந்த பர்மாவில், மற்ற மருந்துக்கு மசியாத காசநோய்க்கு அது தேவைப்படுகிறது. கண்டறியப்படாத காசநோயை அது சில காலம் மறைத்தும் வைக்கும்.

கிருமி போனதா என்று இரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பது வீண் செலவு, கிருமி போன பின்னும் அது மாதக்கணக்கில் நீடிக்கும். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யலாம். நுண்ணுயிர்க்கொல்லி முடிந்து குறைந்தது 4 வாரமும், அமில மாத்திரையை நிறுத்தி 2 வாரமும் ஆன பிறகே.