பூவுறுப்புகளின் இணைவைக் குறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னேஷன் என்னும் சொல், பூவில் ஒரே வட்டத்தைச் (புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்னும் அடுக்குகளுள் ஒன்றைச்) சேர்ந்த உறுப்புகள் தமக்குள் இணைந்திருப்பதை மட்டுமே குறிக்கும். வெவ்வேறு வட்டத்து உறுப்புகள் ஒட்டியிருந்தால் அது அட்னேஷன். இரண்டையும் ‘இணைந்தவை’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவதுதான் செய்முறைப் பதிவேடுகளில் முதல் பிழை. தாமிரபரணிக் கரையில் தானே முளைக்கும் ஊமத்தையின் பூவை நீளவாக்கில் கீறினால் இரண்டையும் ஒருசேரக் காணலாம்: ஐந்து அல்லி இதழ்கள் இணைந்து புனலாகியிருப்பது முன்னது, அப்புனலின் உட்சுவரில் மகரந்தத்தாள்கள் ஒட்டியிருப்பது பின்னது.

பூவரசம்பூ சற்று ஏமாற்றும். இதழ்களை மெல்ல இழுத்தால் ஐந்தும் மகரந்தத்தாள் குழலோடு சேர்ந்தே கழன்று வருவதால், அல்லி இணைந்தது என்று எழுதத் தோன்றும். ஒவ்வோர் இதழும் குழலின் அடியில் ஒட்டியிருப்பதே அப்படிக் கழன்று வருவதற்குக் காரணம்; இதழ்கள் தமக்குள் இணைந்தவையல்ல. 1862 முதல் 1883 வரை வெளிவந்த வகைப்பாட்டு நூலில் தாவரவியலாளர்களான பெந்தமும் ஹூக்கரும் பூவரசின் குடும்பத்தை அல்லி இணையாதவற்றோடுதான் சேர்த்தனர்.

கன்னேஷன் என்னும் சொல்லின் பிறப்பை அறியாததால் வரும் தவறு இன்னும் ஆழமானது. இலத்தீன் மூலத்தில் இதன் பொருள் ‘உடன்பிறந்த’ என்பதாகும். தனித்தனியாக வளர்ந்து முடிந்த இதழ்கள் பிற்பாடு பசையிட்டாற்போல் ஒட்டிக்கொள்கின்றன என்று எண்ணுவது பெரும்பாலான பூக்களுக்குப் பொருந்தாது. இதழ் முகைகளுக்கு அடியிலுள்ள பகுதி வளையமாக மேலெழுந்து வளர்வதால், அல்லிக் குழல் தொடக்கம் முதலே ஒரே திசுவாக உருவாகிறது. ஆனால், இதையே எல்லா இணைவுக்கும் விதியாக்குவதும் பிழையே. தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் மருந்துக்காகப் பயிரிடப்படும் நித்தியகல்யாணியில், சூலகத்தை உருவாக்கும் உறுப்புகளான இரண்டு சூலிலைகளும் தனித்தனியே தோன்றி, வளர்கையில் நெருங்கித் தொட்டு, தொட்ட இடத்தில் புறத்தோல் செல்கள் உருமாறி ஒன்றிவிடுகின்றன. அவ்விணைவு சூல்தண்டு, சூல்முடி அளவிலேயே நிற்கிறது; கீழே சூற்பைகள் பிரிந்தே இருப்பதால் ஒரே பூவிலிருந்து இரட்டைக் காய்கள் உண்டாகின்றன.

வெறுமனே நெருங்கியிருப்பதையும் இணைவு எனக் கொள்ளலாகாது. கத்தரிப்பூவின் மகரந்தப்பைகள் கூம்பாகக் குவிந்திருப்பினும் குண்டூசி முனையால் சேதமின்றிப் பிரிக்கலாம். சூரியகாந்தியின் சிறுபூவிலோ மகரந்தப்பைகள் குழலாகவே இணைந்திருப்பதால் பிரிக்க முயன்றால் கிழியும். அவற்றைத் தாங்கும் தாள்கள் மட்டும் தனித்தே நிற்கும்.