கொத்துக்கறியைக் கழுவாதீர்கள்: ஹாம்பர்கர் சூப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன புதன்கிழமை சாயங்காலம், எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் கூப்பிட்டார்கள். "அக்கா, ஹாம்பர்கர் சூப் செய்யப் போறோம், கூட நின்னு சொல்லிக் குடுங்க." நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு தம்பி வேலையை ஆரம்பித்துவிட்டான். ஒரு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறியை வடிகட்டியில் கொட்டி, மஞ்சள்தூள் தூவி, குழாயைத் திறந்துவிட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். தொட்டித் துளையைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணுக்குகள் ஒதுங்கியிருந்தன. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகள் மேலெல்லாம் தண்ணீர் தெறித்திருந்தது.

18 வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காயை நன்றாகக் கழுவுங்கள், தீய விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்க வீடுகளில் வேலைநாள் இரவுகளில் செய்கிற சாப்பாடு இது. கொத்துக்கறி, வெங்காயம், கேரட், செலரி, உருளைக்கிழங்கு, டின் தக்காளி, உறைய வைத்த கலவைக் காய்கறிகள் எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடும். ஒரு பவுண்டு கறிக்கு (சுமார் 450 கிராம்) 4 கப் பிராத் (கறியோ எலும்போ காயோ வேகவைத்து வடித்த சாறு), 14.5 அவுன்ஸ் தக்காளி டின் ஒன்று, நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டு என்பது என் கணக்கு. நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரத்தில் சுடச்சுட ஒரு கிண்ணம் கைக்கு வருவது பெரிய ஆறுதல்.

கறியைக் கழுவுவது, பிறகு வறுக்காமல் வேகவைப்பது

இரண்டையும் ஒரே தவறாகத்தான் நான் பார்க்கிறேன். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடும்.

எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். கடையிலிருந்து மாட்டுக்கறி வந்தால் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசுவது அம்மாவின் பழக்கம். அது துண்டுக்கறி. வெளியில் தொங்கவிட்ட கறியில் தூசி, எலும்புத்தூள் எல்லாம் இருக்கும், அலசாமல் முடியாது. இங்கே தட்டில் வைத்து பிளாஸ்டிக் உறை போர்த்தி விற்கும் கொத்துக்கறியிடம் அந்தப் பழக்கத்தைக் காட்டினால் கெடுதல்தான்.

கழுவுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, "ரத்தம் போகணும்." தட்டில் தேங்கியிருக்கும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. கறியிலிருந்து கசிந்த நீரும், அதில் கரைந்த மயோகுளோபின் என்ற தசைப் புரதமும்தான். இரண்டாவது, "சுத்தமாகணும்." துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். எந்திரத்தில் அரைத்ததும் அது உள்ளும் புறமுமாகக் கலந்துவிடுகிறது. எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் வெளியே வராது, தெறித்துத் தட்டுகளுக்கும் காய்க்கும்தான் பரவும். கொல்ல வேண்டியது சூடு. உள்ளே 71 டிகிரி செல்சியஸ், இங்குள்ள கணக்கில் 160 டிகிரி ஃபாரன்ஹீட், வந்தாக வேண்டும். 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் மூலம் ஈ.கோலை ஓ157:எச்7 பரவி 4 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த வருஷமே, அந்தக் கிருமி உள்ள கொத்துக்கறியைக் கலப்பட உணவாகக் கருதி விற்பனையிலிருந்து விலக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறை அறிவித்தது. கொதிக்கும் சூப்பில் இந்தச் சூடு நிச்சயம் வந்துவிடும். ஆகவே கழுவி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சரி, ருசிக்கு என்ன ஆகிறது? கழுவிய கொத்துக்கறி பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிழிந்தாலும் போகாது. அதைச் சட்டியில் போட்டால் வறுபடாது. சாம்பல் நிறத் தண்ணீர் விடும், மேலே நுரை கட்டும், கறி அதிலேயே மிதந்து வேகும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பழுப்பாகி வாசம் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமில் மையார் விவரித்த வினை இது. புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்துதான் தோசையின் பொன்னிற முறுகலும், வறுத்த கறியின் வாசமும் பிறக்கின்றன. இட்லியும் தோசையும் ஒரே மாவுதான். ஆவியில் வெந்தது இட்லியாகிறது, காய்ந்த கல்லில் பட்டது முறுகுகிறது. கொத்துக்கறிக்கும் அதே கதைதான்.

அந்த முதல் குளிர்காலத்தில் குடும்பப் பொட்டலமாக 3 பவுண்டு வாங்கினேன். விலை மலிவு என்று. மொத்தத்தையும் கழுவி, ஒரே பானையில் போட்டு, வேகவைத்து, தண்ணீர் ஊற்றி சூப் ஆக்கினேன். நனைந்த மரத்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. கவிச்சி வாடை வேறு. அதை அமுக்கக் கரம் மசாலா போட்டேன், இஞ்சிபூண்டு விழுது போட்டேன், கடைசியில் எலுமிச்சையும் பிழிந்தேன். இரண்டு நாள் யாரும் தொடவில்லை. கை இறுக்கமாக இருந்த மாதம் அது, அந்த வாரக் கறிச் செலவு முழுவதும் குப்பைக்குப் போயிற்று. இன்றைக்கும் யாராவது வடிகட்டியில் கொத்துக்கறியைக் கொட்டினால் எனக்கு வயிறு எரிகிறது.

கவிச்சியைத் தண்ணீர் எடுக்காது, மசாலா மூடத்தான் செய்யும். நன்றாக வறுத்தால் அந்த வாடை இருந்த இடத்தில் வேறு ஒரு வாசம் வந்துவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சூப் பாதி முடிந்த மாதிரி.

எப்படி வறுப்பது? முந்தின இரவே கறியை ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் பனிக்கட்டியோடு சட்டியில் விழுந்தால் மறுபடி தண்ணீர்தான். காகிதத் துண்டால் மேலே ஒற்றி எடுங்கள். அடிகனமான பானையைக் காய வையுங்கள், ஒரு சொட்டு தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும். ஒரு கரண்டி எண்ணெய். கறியைப் பாதி பாதியாகப் பிரித்து, முதல் பாதியை அடை தட்டுவது போலப் பரப்பி அழுத்துங்கள். உப்பு இப்போது வேண்டாம், அது நீரை இழுத்துவிடும்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தம்பிகளுக்கு இதுதான் முடியவில்லை. கரண்டியை எடுத்தால் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாலு, ஐந்து நிமிஷம் தொடக் கூடாது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் ஈரமான சலசலப்பு வரும், ஆவி எழும்பும். பிறகு ஆவி அடங்கி, சத்தம் மாறி, எண்ணெயில் வெடிக்கிற படபடப்பு கேட்கும். குழம்புக்கு மசாலா வதக்கும்போது எண்ணெய் பிரிகிற நேரத்தை நாம் காதாலேயே கண்டுபிடிப்போமே, அதே இடம். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தால் துண்டு துண்டாகத் திருப்பி, மறுபக்கமும் ஒரு நிமிஷம் விட்டு, அதன் பிறகே உதிர்க்க வேண்டும். எடுத்து வைத்துவிட்டு அடுத்த பாதி.

பானை அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் அந்தத் தம்பி, "அக்கா, அடிப்பிடிச்சிடுச்சு" என்று பதறி, பானையைத் தேய்க்கத் தொட்டிக்குத் தூக்கினான். நல்லவேளை கையைப் பிடித்தேன். கறுத்திருந்தால்தான் அது தீய்ந்தது. பழுப்பாக இருந்தால் சூப்பின் உயிரே அதுதான். அதே கொழுப்பில் வெங்காயம், செலரி, கேரட் வதக்கி, ஒரு கரண்டி தக்காளி விழுதும் போட்டு நிறம் மாறும்வரை பிரட்டி, கால் கப் பிராத் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து வந்துவிடும்.

உள்ளே சாம்பல் நிறம் என்று தூக்கிப் போடுவது

மேலே சிவப்பாகவும் உள்ளே சாம்பலாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம், அதனால் மட்டும் கறி கெட்டதாகாது. காற்று படுகிற இடம்தான் சிவக்கும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கொழுப்பே இல்லாத கறி

உறையில் 93/7 என்று போட்டிருந்தால் 7 சதவீதம் கொழுப்பு. சூப்பில் அது வறட்டுத் துகளாகிவிடும். 85/15 எடுங்கள். வறுத்ததும் கூடுதல் கொழுப்பை வடித்து, இரண்டு கரண்டி மட்டும் விட்டுவிடுங்கள்.

கொழுப்பைத் தொட்டியில் ஊற்றுவது

கூடவே கூடாது. காலி டின்னில் ஊற்றி, உறைந்ததும் குப்பையில் போடுங்கள்.

தக்காளியை முதலிலேயே கொட்டுவது

புளி ஊற்றிய பிறகு காய் போட்டால் வேகாது என்று சாம்பார் வைக்கும்போது வீட்டில் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே வந்ததும் அது ஏனோ எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. காயின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். புளிப்பு இருந்தால் அது லேசில் கரையாது. தக்காளியோடு போட்ட உருளைக்கிழங்கு அரை மணி நேரம் கொதித்தும் நடுவில் கடக்கென்று இருப்பது இதனால்தான். உருளைக்கிழங்கு பிராத்தில் முக்கால் வேக்காடு வந்த பிறகு தக்காளியைச் சேருங்கள்.

டின்னில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சதுரமாக நறுக்கிய தக்காளி உருக்குலையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் அந்தத் துண்டுகள் சூப்போடு கலக்காமல் தனித்தே நிற்கும். நசுக்கிய தக்காளி டின் வாங்கினால் சாறு ஒன்றாகச் சேரும்.

எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூன்று விசில்

உருளைக்கிழங்கு குழைந்து, பட்டாணி தோல் கழன்று, பீன்ஸ் பச்சை போய்ப் பாசி நிறமாகிவிடும். கேரட்டும் உருளைக்கிழங்கும் முதலில், பிறகு தக்காளி. உறைய வைத்த சோளம், பட்டாணி, பீன்ஸ் கலவை இறக்குவதற்கு 5 நிமிஷம் முன்னால் போதும். அது ஏற்கனவே கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் பையில் வருகிறது. உருகவைக்கவும் வேண்டாம், அப்படியே போடுங்கள்.

கரம் மசாலா

வேண்டாம். மிளகு, காய்ந்த தைம் என்ற வாசனை இலை, இங்கே விற்கும் பே லீஃப் ஒன்று. நம் பிரிஞ்சி இலை வேறு ஜாதி, பட்டை வாசம் வரும். கடைசியில் வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். நெத்திலி இனத்து மீனும் நம் புளியும் சேர்ந்த சாஸ் அது, நம் நாக்குக்கு உடனே பிடிபடும்.

உப்பை நடுவில் போடுவது

டப்பா பிராத்தில் உப்பு, தக்காளி டின்னில் உப்பு, வூஸ்டர்ஷயரில் உப்பு. சூப் சுண்டச் சுண்ட எல்லாம் ஏறும். உப்புக் குறைத்த பிராத் வாங்கி, இறக்கும் நேரத்தில் ருசி பார்த்துப் போடுங்கள்.

மாக்கரோனியைச் சூப்பிலேயே வேகவைத்து மீதி வைப்பது

மறுநாள் சாறு இருக்காது, ஊதிப்போன மாக்கரோனி மட்டும் இருக்கும். தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் சேருங்கள்.

ராத்திரி அடுப்பிலேயே விட்டுவிடுவது

"காலையில ஒரு கொதி விட்டா சரியாயிடும்" என்று அந்தத் தம்பிகள் சொன்னார்கள். ஊரில் மீன்குழம்பை அப்படி வைத்துப் பழகியிருப்பார்கள். புளியும் உப்பும் மிளகாயும் தூக்கலான குழம்பு அது. இந்தச் சூப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெரிய பானையில் மெதுவாக ஆறும் கறிச் சாறு, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமிக்கு ரொம்பத் தோதான இடம். அதன் வித்துகள் கொதித்தாலும் சாகாமல் தங்கி, சாறு வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகும். சில வேறு கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சோ மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. வயிற்றுப்போக்கோடு தேர்வு எழுதப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுப்பை அணைத்த 2 மணி நேரத்துக்குள் சூப் ஃபிரிட்ஜுக்குள் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜும் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. பானையோடு வைக்காதீர்கள், நடுவில் ஆறவே மணிக்கணக்காகும். இரண்டு அங்குல உயரம் மட்டும் நிரம்பும்படி அகலமான டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும். 3, 4 நாளுக்குள் முடித்துவிடலாம். ஃப்ரீசரில் போடுவதாக இருந்தால் அந்தப் பங்கை உருளைக்கிழங்கு இல்லாமல் எடுத்து வையுங்கள், உறைந்து இளகினால் கிழங்கு சக்கையாகிவிடும். டப்பா மேல் ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். போன புதன்கிழமை அந்தத் தம்பி எழுதி ஒட்டிய மூன்று டப்பாவில் இரண்டு வெள்ளிக்கிழமையே காலி.