பெங்களூரில் முதல் சைட் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் முதலீட்டுக்கென்று முதன்முதலாகச் சொத்து வாங்கப் புறப்படும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பக்கம் விலை ஏறும்?" என்பதுதான். மெட்ரோ எங்கே வருகிறது, எந்தக் கம்பெனி எங்கே இடம் பிடிக்கிறது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆவணங்களைப் படிக்க ஒரு வாரம் ஒதுக்குவதில்லை. நான் பார்த்தவரை, இந்த ஊரில் பணம் முடங்குவது ஆவணக் கோளாறால்தான்.

காத்தாவிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. ஊரில் பட்டா பார்த்துப் பழகியவர்கள் காத்தா கையில் வந்தால் நிலம் தமதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். காத்தா என்பது சொத்து வரி வசூலுக்காக உள்ளாட்சி வைத்திருக்கும் பதிவு. உரிமையைச் சொல்வது தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை அறுபடாமல் வரும் பத்திரத் தொடர்தான். இப்போது பதிவுக்குக் கேட்கப்படும், காத்தாவின் கணினி வடிவமான இ-காத்தாவும் அந்தத் தொடரைச் சரிபார்த்துக் கொடுப்பதில்லை.

அனுமதிகள் சரியாக உள்ள சொத்துக்கு ஏ காத்தா, குறையுள்ளதற்குப் பி காத்தா. பி காத்தா சைட் மலிவாகக் கிடைக்கும். விவசாய நிலத்தை மனைநிலமாக மாற்றும் டிசி கன்வர்ஷன் நடந்திருக்காது, அல்லது லேஅவுட்டுக்கு அனுமதி இருக்காது. "சீக்கிரம் ஏ காத்தா ஆகிவிடும் சார்" என்பார் தரகர். விதிமீறல்களை ஒழுங்குபடுத்தும் அக்ரம-சக்ரம திட்டத்தை நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2025இல் பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்ற அரசு புதிய வழி அறிவித்தது. அதற்கும் கட்டணம் உண்டு, நிபந்தனைகள் உண்டு. விற்கிறவரே மாற்றிக் கொடுக்கட்டும், அதற்குப் பிறகு வாங்கலாம். அவரால் முடியாதது பதிவு முடிந்த மறுநாள் உங்களால் முடிந்துவிடுமா?

ஆனேக்கல், ஹொசகோட்டை, தேவனஹள்ளிப் பக்கம் நிலம் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி விற்க 1978ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் தடை விதிக்கிறது. அப்படி விற்றால் விற்பனை செல்லாது. நிலம் அரசிடம் பெற்ற குடும்பத்துக்கே திரும்பப் போகும். நியாயமான சட்டம், ஏழைகளின் நிலத்தைக் காப்பதற்காக வந்தது. 2023இல் வந்த திருத்தம், இவ்வழக்குகளுக்குக் காலவரம்பு இல்லை என்று ஆக்கிவிட்டது. நாலு கை மாறி வந்த நிலம் என்றாலும் தப்ப முடியாது. நில உரிமை, சாகுபடி விவரப் பதிவான பஹணி என்கிற ஆர்டிசியில் நிலம் எப்படி வந்தது என்ற கட்டத்தையும், உரிமை கைமாறியதைக் காட்டும் பழைய மியூட்டேஷன் பதிவுகளையும் பார்த்தால் இது தெரியும். அவை கன்னடத்தில் இருக்கும். அல்சூரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து கன்னடம் சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் பழைய கையெழுத்துப் பதிவைப் படிப்பது கடினம். ஆகவே கன்னட நில ஆவணங்களில் பழகிய வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுங்கள். தரகர் காட்டுகிறவரை வேண்டாம். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்றும் இருந்துவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கான பாதுகாப்பை.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அதில் வருவது பதிவான பரிவர்த்தனைகள் மட்டும். பதிவு செய்யாத ஒப்பந்தமும் பாகம் கேட்டு மகள் போட்ட வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். பூர்விகச் சொத்தென்றால் வம்சவிருட்சம் என்கிற குடும்ப வாரிசுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெண்மக்களும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துச் செய்யும் விற்பனை உரிமையைத் தராது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவும் பார்த்து முடிக்கும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறார்" என்றால் அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

அடுக்குமாடி வீட்டில் கேள்விகள் குறைவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டும் திட்டம் ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டி முடிந்ததென்றால் ஓசி எனப்படும் குடியேற்றச் சான்றின் நகலைக் கேளுங்கள். விண்ணப்பித்த ரசீது ஓசி ஆகாது.

கடைசியாகக் கணக்கு. 80 லட்சத்துக்கு ஒரு வீடு, மாத வாடகை 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,64,000. பராமரிப்புக்கு மாதம் 3,500 என்றால் 42,000 போகும். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் இன்னும் 22,000. மிஞ்சுவது இரண்டு லட்சம், அதாவது 2.5 சதவீதம்; சொத்து வரியை இன்னும் கழிக்கவில்லை. வீட்டுக் கடன் வட்டியோ இதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வாங்கும்போதே முத்திரைத்தாள் கட்டணமும் மேல்வரிகளும் 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 2 சதவீதம். ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் அதற்கே வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரம்பின்படி வரிக்கு உள்ளாகும். அதற்குப் பின் விற்றால் 12.5 சதவீதம். மூன்று நான்கு ஆண்டுகளில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தேவைப்படும் பணம் என்றால், அதை இதில் போடாதீர்கள்.