பத்திரிகைத் துணுக்கு வந்தால் நூலகரைக் கேளுங்கள்

செய்தி உண்மையா என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக, உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, 2017இல் எட்டுப் படிகள் கொண்ட விளக்கப்படம் ஒன்றை வெளியிட்டது. வெளியிட்டது யார், எழுதியவர் யார், தேதி என்ன என்று வரிசையாகக் கேட்கச் சொல்கிறது. எட்டாவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது: விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள், அதாவது நூலகரிடம்!

வாட்ஸ்அப்பில் நாளிதழ்த் துணுக்கின் படம் வருகிறதா? பத்திரிகையின் பெயர், தேதி, பதிப்பு ஊர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நூலகத்துக்குப் போய் அன்றைய இதழைக் கேளுங்கள். துணுக்கில் தேதியே இல்லையென்றால் அப்போதே சந்தேகப்படலாம். எழுத்துரு, பத்தி அகலம் இரண்டையும் அசல் தாளோடு ஒப்பிட்டால் ஒட்டுவேலை பெரும்பாலும் தெரிந்துவிடும். சென்னையில் கன்னிமாரா நூலகம் இதற்கு நல்ல இடம். நாட்டில் வெளியாகும் நூல்கள், இதழ்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நான்கு வைப்பு நூலகங்களில் அதுவும் ஒன்று.

சம்பந்தப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடுங்கள். 2015 வெள்ளத்தின்போது சென்னை அருகே முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய வதந்தியைப் பண்ணையே மறுத்தது. அந்த மறுப்பைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அதற்குள் எத்தனை வீடுகளில் குழந்தைகள் பயந்திருப்பார்கள்!