திருத்தம் வேறு, திருத்த நடவடிக்கை வேறு

10 மி.மீ. இருக்க வேண்டிய துளை 10.4 வந்துவிட்டது என்று வையுங்கள். அந்தத் துண்டை ஒதுக்குவதோ சரிசெய்வதோ வெறும் திருத்தம். அதே குறை மறுபடி தலைகாட்டாதபடி காரணத்தையே களைவதுதான் திருத்த நடவடிக்கை. பலர் முதலாவதைச் செய்துவிட்டு, குறையைப் பதியும் படிவத்தில் இரண்டாவதற்கான கட்டத்தையும் அதையே எழுதி நிரப்பிவிடுகிறார்கள், ஆடிட்டில் மாட்டுவதும் அங்கேதான்.

காரணம் தேட 'ஐந்து ஏன்' போதும், டொயோட்டாவில் வளர்ந்த முறை. துளை ஏன் பெரிதானது? டிரில் ஆடியது. ஏன்? பிடிப்பான் தேய்ந்திருந்தது. ஏன்? அதை எப்போது மாற்றுவது என்று பராமரிப்பு அட்டவணையிலேயே இல்லை. சரி, இங்கேயே நிறுத்தலாம், ஐந்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று முடிந்தால் கண்டிப்பாக இன்னொரு ஏன் கேளுங்கள்.

அட்டவணையை மாற்றியாயிற்றா? பலன் தெரிகிறதா என்று அளந்து பாருங்கள், திட்டமிடு-செய்-சரிபார்-செயல்படு சுழற்சியில் எல்லோரும் தாண்டிப்போவது இந்த மூன்றாவதைத்தான்.

அப்புறம் கட்டுப்பாட்டு வரைபடம், அதாவது அளவீடுகளை வரிசையாகப் புள்ளி வைத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போட்ட படம், 1924-ல் வால்டர் ஷூவார்ட் உருவாக்கியது. அதன் எல்லைக்கோடுகள் உங்கள் அளவீடுகளிலிருந்தே வருபவை. டாலரன்ஸ் என்பது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று டிசைனில் கேட்டிருப்பது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். கோடுகளுக்குள் வழக்கம்போல் ஏறி இறங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மெஷினைத் திருகினால் அளவின் ஏற்ற இறக்கம் கூடத்தான் செய்யும்.